கேட்காத ஒரு நிமிடம்

நவம்பர் 14, வெள்ளி

இன்று மகள் என் தம்பியின் குரல் பதிந்த கணினிக் கோப்பைத் திறந்தாள். இரைச்சல்தான் வந்தது. “திருத்த ஏலாதப்பா,” என்றாள்.

இறப்பதற்கு முன் அவன் லண்டனில் தன் நண்பனின் பல்கலைக்கழகக் கணினியில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்துவைத்தது. டென்மார்க்கின் ஓல்போர்க்கில் படித்துக்கொண்டிருந்த நான் அதை வலையமைப்பு வழியாக இறக்கினேன். ஒலிக்கோப்பு சிதையாமல் வர முதலில் ‘பைனரி’ என்று தட்ட வேண்டும், மறந்துபோனேன். கணினி ஒலியை எழுத்தென்று எடுத்துச் சிதைத்துவிட்டது. என் கணினியில் ஒலி கேட்க வசதியில்லை. என்ன அவசரமோ, “வந்திட்டுது, அங்க இருக்கிறதை அழிச்சுவிடு” என்று அந்த நண்பனுக்கு எழுதினேன். அழித்துவிட்டான்.

மாலையில் ஸ்கீவ நகரிலிருந்து அக்கா தொலைபேசியில் கேட்டார்: “அவன் என்ன சொல்லியிருக்கிறான்?”

“பாக்கிறம் அக்கா.”

முப்பது வருடமாக அந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் தெரியாது.