பதினேழு நிமிடம்

ஏரவாடா, புனே
வியாழக்கிழமை

பிரியமுள்ள மச்சானுக்கு, சபூரா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் ஹுதாவும் அல்லாஹ் கிருபையால் சுகம். உங்களைச் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் கேட்டால் சிரித்தே மழுப்புவீர்கள். அதனால்தான் இஸ்மாயில் அண்ணன் கையில் இந்தக் கடிதம். அவரும் உங்களைப் போலச் சாகண் ஃபாக்டரியில் லாரியில் கார்களை ஏற்றிக்கொண்டு, நீங்கள் இருக்கும் ராய்ப்பூருக்குத்தான் வருகிறார்.

இங்கே மழை விடவில்லை. துணி காயவே மாட்டேன் என்கிறது.

உங்கள் மகள் ஹுதா காலேஜில் பேசப்போவதை உங்களிடம் ஒப்பித்தாளே, அன்றைக்குப் பிடித்தது சனி. வேகமாகப் போகிறவரின் கடிகாரம் மெதுவாக ஓடும், வயதும் குறைவாக ஏறும் என்றாள். அப்படின்னா லாரியை இன்னும் அழுத்துறேன், உங்கம்மா முன்னால சின்னப் பையனாட்டம் வந்து நிக்கிறேன் என்றீர்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

திங்கட்கிழமை உங்கள் கைக்கடிகாரத்தைப் படமெடுத்து அனுப்பினீர்கள். பதினேழு நிமிஷம் பின்னால ஓடுது, உன் பாடம் நிஜந்தாம்மா என்று எழுதியிருந்தீர்கள். ஹுதா சந்தோஷமாகக் கணக்குப் போட உட்கார்ந்தாள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பத்து மணி நேரம் ஓட்டினால் எவ்வளவு மிச்சமாகும் தெரியுமா? ஒரு நொடியை ஆயிரம் கோடித் துண்டாக்கினால் அதில் ஒரே துண்டு. பதினேழு நிமிடம் பிந்த வேண்டுமென்றால், பூமி உண்டான நாளிலிருந்து நீங்கள் லாரி ஓட்டியிருந்தாலும் போதாதாம். அப்படியானால் கடிகாரம் ஏன் பிந்தியது என்று பிள்ளை மறுபடி போனை எடுத்தாள்.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணாடி ஓரத்தில் கீறல். சட்டைக் கைக்கு அடியில் வெள்ளையாகக் கட்டுத்துணி. அது சாவி கொடுக்கும் கடிகாரம், மச்சான். அடிபட்டால் நின்றுவிடும், யாராவது தட்டினால்தான் மறுபடி ஓடும். வீட்டில் இரண்டு தடவை கீழே விழுந்தபோது நானே தட்டி ஓடவிட்டிருக்கிறேன். தட்டுவதற்கு உங்களுக்கு ஏன் பதினேழு நிமிடம் ஆயிற்று? அதுவரை எங்கே, எப்படிக் கிடந்தீர்கள்?

இஸ்மாயில் அண்ணனைக் கேட்டேன். ஒண்ணுமில்ல தங்கச்சி என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்களும் மூன்று நாளாக வீடியோவில் முகம் காட்டவில்லை. ஹுதா, நான் சொன்னதாலதானே அத்தா வேகமா ஓட்டினாங்க என்று சோறு தொடாமல் கிடக்கிறாள். அவளிடம் நீங்களே பேசுங்கள்.

கோபிக்க மாட்டேன். எது உடைந்திருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள். லாரியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ரயிலேறி வாருங்கள். ஒரு வாரம் பிந்தினாலும் பரவாயில்லை.

உங்களை அல்லாஹ் பல் போன கிழவனாக்கட்டும். ஆமீன்.

உங்கள்
சபூரா