நீங்கள் அனுப்பிய பத்துப் புள்ளிகள்

அன்புள்ள நைனாவுக்கு சுபஸ்ரீயின் வணக்கம். புனேயில் நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஏரியைத் தூர்க்க வரும் கம்பெனி, நம் ஊர் பசியாவரத்தைச் சுற்றியுள்ள தண்ணீரைத் தன் வரைபடத்தில் ‘யாரும் பயன்படுத்தாத பகுதி’ என்று போட்டிருக்கிறது. அது பொய் என்று காட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆழம், உவர்ப்பு, சதுப்பு விவரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நானே ஒரு வரைபடம் செய்தேன். அதில் நாம் வலை போடும் இடங்களைக் குறிக்கத்தான் படகில் போய் லொக்கேஷன் அனுப்பச் சொன்னேன். நீங்கள் அனுப்பிய பத்துப் புள்ளிகளும் நம் ஊர்க் கோயில் வாசலில் விழுகின்றன!

கேட்டால், “எறா மாட்ற எடத்த எவனாவது வெளிய சொல்வானா? இன்னா பேச்சு இது!” என்கிறீர்கள். இறால் சிக்கும் இடத்தைப் பெற்ற மகளிடமுமா ஒளிப்பீர்கள்?

இதைப் படித்ததும் படகை எடுங்கள். அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில், “இங்க யாரு வலை போடறாங்க?” என்று கம்பெனிக்காரன் கேட்பான். நீங்கள் எழுந்து கோயில் வாசலைக் காட்டுவீர்களா நைனா?

சுபஸ்ரீ