மீனுமில்லை, கீனுமில்லை

மாட்டுங்கா,
12-9-1964

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பம்பாய்வாசி காசிராஜன் நேற்று ஒரே நாளில் இரண்டு முறை குளித்தான்.

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லாமல் ரயிலேறிய கோபம் இன்னும் தீரவில்லை போலும். மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை.

குளித்த கதை இதுதான். மாஹிம் கரையில் ஒரு திமிங்கிலக் குட்டி செத்து ஒதுங்கியது. குட்டி என்றாலும் மாட்டுவண்டி நீளம். பார்த்துவிட்டு வந்து, கையால் தொட்டேன் என்று நான் வேலை பார்க்கும் சைவ மெஸ்ஸில் அளந்தேன். முதலாளி பிரம்மநாயகம் அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார்.

"மீனத் தொட்டுட்டு அடுக்களைக்குள்ள வாரியாலே? போய்க் குளி!"

"மீனுமில்ல கீனுமில்ல, அண்ணாச்சி. எங்க வீட்டுப் பசு மீனாச்சி மாதிரி குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

"செத்த பசுவத் தொட்டாலும் குளிக்கணும்லே!"

குளித்தேன்.

கரையில் விலங்கியல் படிக்கும் ஒருவர் சொன்னார்: திமிங்கிலத்துக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். பிறந்த குட்டியைத் தாய் மேலே தூக்கி மூச்சு விடவைக்குமாம். குட்டி செத்தாலும் சில தாய்கள் லேசில் விட்டுப் போகாதாம். வெளிக்கடலில் பெரிய திமிங்கிலம் ஒன்று சுற்றுவதை மீனவர்கள் இரண்டு நாளாகப் பார்க்கிறார்கள்.

யாராவது இங்கே வந்தால் தலை துவட்ட ஒரு துண்டும் கொஞ்சம் பருப்புப்பொடியும் கொடுத்துவிடு. தாதர் கடைகளில் எல்லாப் பொடியும் கிடைக்கிறது, உன் பொடி தவிர. அண்ணாச்சி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

ஒன்று, அம்மா. தொட்டேன் என்றது பொய். கையை நீட்டினேன், தாய் கடலில் நிற்கிறது என்றார்கள், கையை இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

காசி