பாதுகாவலர் கையெழுத்து

விருத்தாசலம்,
3.7.2008

பாக்கியநாதன் அண்ணனுக்கு,

சேசுவுக்கே புகழ். இங்கே யாரும் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நாலு நாளாகச் செல்லை எடுக்காமல் இருக்கிற அளவுக்கு உனக்குத் தெம்பு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

லிசாவுக்குச் சென்னைக் கவுன்சிலிங்குக்கு அழைப்பு வந்துவிட்டது. பத்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. அவள் கேட்பது செராமிக் டெக்னாலஜி. இந்த மார்க்குக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று வாசுகி டீச்சர் சொல்கிறார். ஆனால் அசல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் இல்லாமல் போய் நிற்க முடியாது. அசல் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

மே மாதம் வந்தபோது என்ன சொன்னாய்? கவுன்சிலிங்கெல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்களுக்கு, நமக்கு சாமியார் லெட்டருதான் என்றாய். முப்பது வருசத்துக்கு முன்னால் பங்குச் சாமியார் லெட்டரோடு போய் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தவன் நீ. அன்றிலிருந்து எல்லாக் கதவும் அந்த லெட்டருக்குத்தான் திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அண்ணே, கவுன்சிலிங்கில் யாரும் யாருக்கும் சொல்லி வைக்க வேண்டாம். மார்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள். மீதி இருக்கிற இடங்களில் தனக்கு வேண்டியதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளலாம். சிறுபான்மை ஒதுக்கீடு வேறு, மேனேஜ்மெண்ட் ஒதுக்கீடு வேறு. சிறுபான்மை இடம் என்று எங்களிடம் சொல்லி அசலை வாங்கிக்கொண்டு போய், தனியார் காலேஜில் நீ கையெழுத்துப் போட்டது மேனேஜ்மெண்ட் பாரத்தில். படிக்காமல் போட்டாயா, படித்துவிட்டே போட்டாயா? படித்துவிட்டுத்தான் என்கிறாள் லிசா. நான் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை.

பீரோவைத் திறந்து அசலை எடுத்துக் கொடுத்தவள் நான். அண்ணன் கேட்கிறாரே என்று மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். அந்தக் கோபம் என் மேலும் இருக்கிறது, உன் மேல் இருப்பதில் பாதிகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை நானும் உன் மச்சானும் பீங்கான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் காலேஜுக்குப் போனோம். கிளார்க் பாரத்தை எடுத்துக் காட்டினார். பாதுகாவலர் என்ற இடத்தில் உன் பெயர். யாரு கையெழுத்து போட்டாங்களோ அவங்க வந்தாதான் பேப்பரத் திருப்பித் தருவோம் என்றுவிட்டார். பெற்ற அப்பன் கவுண்டர் முன்னால் நின்றார். பதினெட்டு வருசமாகச் சூளைச் சூட்டில் நின்று அவளைப் படிக்க வைத்த மனுசன். ஞானத்தகப்பன் என்ற உரிமையில் எழுதினேன் என்பாய். அந்த உரிமையை யார் உனக்கு இந்தப் பாரம் வரைக்கும் நீட்டிக் கொடுத்தது?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காலேஜ் வாசலுக்கு வந்துவிடு. லிசா அங்கே நிற்பாள். உன்னோடு பேசமாட்டாள், பேச வைக்கப் பார்க்காதே. பேனாவை அவளே கொண்டுவருவாள். முடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் எழுதவில்லை.

ஞானஸ்நானத்தன்று அவளைத் தாங்கிய கை அது. திங்கட்கிழமை வரைக்குமாவது அந்தக் கைக்கு ஆண்டவர் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
லீமா ஜெரோம்