கணவாயில் மாற்ற வேண்டிய சாவி

ஹாக்கர்,
ஜூலைக் கடைசி

அன்புள்ள நோரீனுக்கு,

நான் இங்கே நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் தங்கை வீட்டு மாடிப்படி அதற்கு ஆகாது. சொன்னால் கோபித்துக்கொள்வாய், விட்டுவிடுகிறேன்.

குளிர்காலம் முடியவில்லை, வெயில் இன்னும் ஏறவில்லை, ஈயும் குறைவு. ஆகஸ்ட் முதல் ஞாயிறு மலையைக் கடக்கலாம் என்றிருக்கிறேன். வழக்கம்போலத்தான். நீ வடக்கு முனையில் காரை நிறுத்திவிட்டு நட, நான் தெற்கு முனையிலிருந்து வருகிறேன். கணவாயில் சாப்பிட்டு, சாவியை மாற்றிக்கொண்டு, நான் உன் காருக்கும் நீ என் வண்டிக்குமாக இறங்கிவிடலாம். சேர்ந்து நடக்க வேண்டியதே இல்லை. "ஒன் கால்ல சக்கரம் கட்டியிருக்கு, ஒன்கூட எவ நடப்பா?" என்று கல்யாணமான புதிதில் நீதானே இந்த ஏற்பாட்டைச் செய்தாய்.

தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள். கணவாய்க் குடிசைத் தொட்டியை நம்பாதே. போன வாரம் அதுவரை போய்த் தட்டிப் பார்த்தேன், வெறும் தகரச் சத்தம்தான். காய்ந்த ஓடையைத் தாண்டியதும் பாதை சரிந்து கிடக்கிறது. அங்கே குச்சியை ஊன்றி நட. கைபேசி எங்குமே எடுக்காது. இருட்டுவதற்குள் நான் கடைக்கு வந்து முகத்தைக் காட்டாவிட்டால் தேடி வரும்படி பெட்ரோல் கடை டெரிலிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் விடுவானா? "என்ன பெருசு, இந்தத் தடவையாச்சும் சாவிய மாத்துவீங்களா, இல்ல நாந்தான் வரணுமா?" என்றான். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். போன வருடம் ஊரை விட்டுப் போவதா வேண்டாமா என்று கணவாயில் கத்திக்கொண்டோமே, அந்தக் கோபத்தில் சாவியை மறந்து ஆளுக்கொரு பக்கம் இறங்கினோமே, அதை அவன் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பூட்டிய உன் காருக்கு வெளியே குளிரில் நடுங்கியபடி, நீயும் என் வண்டிக்கு வெளியே இப்படித்தானே நிற்பாய் என்று நினைத்தேன். அதை அன்றே சொல்லியிருக்கலாம். தேடி வந்த டெரில் வண்டியின் பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதானே வந்தோம்.

வீடு அப்படியே இருக்கிறது. ரேடியோவை அணைப்பதே இல்லை, யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. தேநீரை இன்னும் இரண்டு பேருக்குப் போட்டுத் தொலைக்கிறேன். நீ இல்லாமல் எனக்கு ஓடவில்லை, நோரீன். ஊர் மாறும் பேச்சை நான் எடுக்க மாட்டேன். நீ எடுத்தால், இந்த முறை கேட்டுக்கொள்வேன்.

மாட்டிறைச்சி ரொட்டியும் ஊறுகாயும் நான் கொண்டுவருகிறேன். பழக் கேக் உன் பொறுப்பு. பதில் போட வேண்டாம். நிழல் கிழக்கே சாயும் வரை கணவாயில் இருப்பேன். நீ வராவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

ஒன்று மட்டும் யோசித்தேன். முன்பெல்லாம் எந்த முனையில் இறங்கினாலும் இரண்டு வண்டியும் ஒரே வாசலுக்குத்தான் வந்து சேரும். இப்போது நீ என் வண்டியோடு பெரிய சாலைக்கு வந்ததும், ஒரு பக்கம் உன் தங்கை இருக்கும் போர்ட் அகஸ்டா, மறு பக்கம் நம் ஹாக்கர். எந்தப் பக்கம் திருப்புவாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன் கார் அன்று நம் வாசலில்தான் நிற்கும். எடுத்துப்போக எப்போது வேண்டுமானாலும் வா. அன்றைக்கே வந்தாலும் சரி, விளக்கைப் போட்டு வைக்கிறேன்.

பத்திரமாக ஓட்டு.

உன்,
மெர்வ்