ஆற்றோடு போன வேட்டி

சௌபாக்கியவதிக்கு,

இதை உன் தம்பியிடம் வாசிக்கக் கொடுக்காதே. நீயே எழுத்துக்கூட்டி வாசித்துக்கொள். மானம் போகிற சமாச்சாரம். நேற்று ஏரல் படித்துறையில் பாசி வழுக்கி ஆற்றில் விழுந்துவிட்டேன். நான் கரையேறினேன், வேட்டி ஏறவில்லை.

துணி துவைத்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அதை விடு, இதைக் கேள்! "எப்பா, வேட்டி போகுது! பிடிங்க, பிடிங்க!" என்று ஒரு குரல். யார் குரல்? நம் கோமுவின் குரல்! சின்னவன் நம்மை விட்டுப் போன நாள்முதல் வாய் திறக்காத பிள்ளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்!

சத்தமில்லாத ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று வைத்தியர் சொன்னாரே, ஊர் அப்படித்தான் இருந்தது. டிராம் மணிக்கு நடுங்கியவள் இங்கே நன்றாகத் தூங்கினாள்; பேச்சுதான் வரவில்லை. நேற்றிலிருந்து ஊரிலேயே பெரிய சத்தம் அவளுடையதுதான். கொக்கை விரட்டுகிறாள், கோழியை வைகிறாள்!

இன்று காலையும் அதே படியில் விழுந்தேன். "என்ன வே, பட்டணம் போயி நடக்கவே மறந்துட்டீரா?" என்றார் அக்காள் வீட்டு அத்தான். "பாசி, அத்தான், பாசி" என்றேன். கோமு நேற்றைவிட அதிகம் சிரித்தாள்.

தபாலில் இரண்டு வேட்டி அனுப்பிவை. இன்று பாசி வழுக்கவில்லை, நானாகத்தான் விழுந்தேன். அதை மட்டும் இங்கே யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்