மெலிந்த ஆளுக்கும் வரும்

2012 ஜனவரி 30, திங்கள்
என் புருசன் செத்து இருபத்திரண்டு நாள். இந்தியாவில் அகதி முகாமில் கிடந்தபோது சாகாத மனிசன், சொந்த ஊர் பேசாலைக்குத் திரும்பிவந்து, புது வீட்டுக்குக் கூரை போட்ட மாதத்தில் செத்தார். நாற்பத்திரண்டு வயது. இன்றைக்கும் ஒருத்தி வந்து கேட்கிறாள்: "மெலிஞ்ச ஆளுக்கு எப்பிடியக்கா மாரடைப்பு?" எனக்கென்ன தெரியும்!

பெப்ரவரி 3
கிளினிக்கில் தாதி றம்லா மிஸியிடமே கேட்டேன். கடதாசியில் கீறிக் காட்டினா. கொழுப்பு இரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து, இரும்பில் கறள் பிடிக்கிற மாதிரிக் கெட்டுப்போகுமாம். சிகரெட் புகை அதைக் கூட்டுமாம். கெட்டதைத் துப்புரவாக்க இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் வருமாம். தின்று தின்று வீங்கி, திரும்பிப் போகமாட்டாமல் அங்கேயே செத்துக் கிடக்குமாம். அது திரண்டு தடிக்கும், ஒருநாள் வெடிக்கும், இரத்தம் கட்டும். இளவயதிலேயே தொடங்குமாம். நோவே இராதாம்.
"மெலிஞ்ச ஆள், மொத்தமான ஆள் எண்டு அது பாக்காது. கூடப்பிறந்தவையைச் சோதிக்கச் சொல்லுங்கோ" என்றா.
உதவிக்கு வந்ததே தின்றுபோட்டு வழியை அடைக்குதா? எங்கள் வீட்டில் மச்சாள் அன்ரோனெற்றும் உதவிக்கென்றுதான் வந்தவ. இன்னும் போகவில்லை.

பெப்ரவரி 5
அவரின் தம்பி சிங்கராசாவிடம் சொன்னேன். அவரைப் போலவே நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதுகிறவன்.
"அண்ணி, நான் வலை இழுக்கிற ஆள். எனக்குக் கொழுப்பு வாயில மட்டும்தான்."
சிரிக்கிறான். கல்லோடு கதைக்கலாம்.

பெப்ரவரி 8
முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் வந்தது. தட்டத்தில் வெற்றிலை, பாக்கு வைத்தேன். சிகரெட் வைக்கவில்லை. அன்ரோனெற் பிடித்துக்கொண்டா.
"செத்தவன்ர மானத்தை வாங்கிறியோ? சிகரெட் இல்லாத தட்டம் எங்கயடி கண்டனீ?"
"அதுதான் மச்சாள் அவரைக் கொண்டுபோனது."
"கொண்டுபோனது ஆண்டவர்!"
ஆண்டவரோடு எனக்கென்ன சண்டை? சிங்கராசா எல்லோருக்கும் முன்னால் தன் பெட்டியை எடுத்துத் தட்டத்தில் போட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெப்ரவரி 22, விபூதிப் புதன்
சிங்கராசா தவக்காலத்துக்கு இறைச்சியை விடுகிறானாம். சிகரெட்? "அது பாவமில்லையே அண்ணி."

பெப்ரவரி 27
படகு இழுக்கும்போது மூச்சு முட்டி மணலில் குந்திவிட்டானாம். களைப்பாம். எத்தனை தரம்தான் கத்துவது?

மார்ச் 1
விடிய வாசலில் நின்றான். "மிஸியிட்டக் கேட்டனான். ஒண்டும் தின்னாமல் வரட்டாம். நீங்களும் வாங்கோ."
பஸ்ஸில் கேட்டான்: "எனக்கு இவ்வளவு கத்தினீங்கள். அண்ணைக்கு ஏன் சொல்லேல்லை?"
டிசம்பரில் அவர் நெஞ்சு இறுக்குது என்றவர். வயிற்றுக் காஸ் என்று நான்தான் உள்ளிப்பூண்டு அவித்துக் கொடுத்தனான். ரெண்டு தரம். ஒருவருக்கும் இதுவரை சொன்னதில்லை. அவனுக்குச் சொன்னேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான்.
இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் வயர் பூட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் நிற்கச் சொன்னான். நின்றேன்.

மார்ச் 6
கொலஸ்ரோல் நல்லாய்க் கூடவாம். குளிசை கொடுத்தார்கள். "நல்லவேளை, நேரத்தோட வந்திட்டீங்கள்" என்றா மிஸி. சிங்கராசா சிரித்தான். நான் வெளியே போய் நின்றேன்.